மலையகத்தில் ஒரு மரணம் நேர்ந்தால்: மலர்ச்சாலைக்காரரிடம் சில கேள்விகள்

இலங்கை மலையகத்தின் ஹட்டனில் என் தாத்தா தச்சுப்பட்டறையாகத் தொடங்கி, அப்பா மலர்ச்சாலையாக (இறுதிச் சடங்குக்கான ஏற்பாடுகளைச் செய்து தரும் இடம்) வளர்த்த தொழிலை இப்போது நான் நடத்தி வருகிறேன். துக்க வீட்டில் கேட்க வாய் வராத கேள்விகளை முன்கூட்டியே எழுதி அனுப்பியவர்களுக்கு, எனக்குத் தெரிந்த வரையில் பதில் தருகிறேன்.

கேள்வி (தலவாக்கலை): ஐயா, அப்பா லயத்தில் (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீட்டில்) படுத்த படுக்கையாக இருக்கிறார். வீட்டிலேயே உயிர் பிரிந்தால் முதலில் மலர்ச்சாலைக்குத்தான் அறிவிக்க வேண்டுமா?

எங்களுக்கு அடுத்ததாகச் சொன்னால் போதும் தம்பி. தோட்டத்தில் நேரும் மரணத்தை முதலில் தோட்ட அதிகாரிக்கு அறிவிக்க வேண்டும். அதை அறிக்கையிட்டுப் பதிவுக்கு அனுப்புவது 1951ஆம் ஆண்டின் 17ஆம் இலக்க பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டத்தின்படி அவருடைய பொறுப்பு. நகரத்திலோ கிராமத்திலோ வீட்டில் இறந்தவருக்குக் கிராம உத்தியோகத்தரின் அறிக்கையைப் பெற்றுக்கொண்டு பதிவாளரிடம் போக வேண்டும். எந்த வழியானாலும் 5 நாட்களுக்குள் அறிவித்துவிடுங்கள். கருமாதி முடியட்டும் என்று ஒத்திப்போட்டவர்கள் பிறகு மாதக்கணக்கில் அலைந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

கேள்வி (நுவரெலியா): அண்ணா, மாமியாரின் மரணச் சான்றிதழில் பெயர் பிழையாகப் பதிவாகிவிட்டது. சேமலாப நிதிப் பணம் (வேலை செய்த காலத்துச் சேமிப்பு) நின்றுபோயிருக்கிறது. இதை எப்படித் தவிர்த்திருக்கலாம்?

தங்கச்சி, நீங்கள் கேட்டிருப்பதுதான் என்னை அதிகம் வருத்தும் விஷயம். நாங்கள் செய்து தரும் பெட்டி இரண்டு நாளில் மண்ணுக்குள் போய்விடும். மரணச் சான்றிதழோ பிள்ளைகளின் காலம் முழுவதும் வீட்டில் இருக்க வேண்டியது. ஆனால் துக்க வீட்டில் பெட்டியின் மெருகைத் தடவிப் பார்ப்பதற்கு இருக்கும் நேரம், பதிவாளர் எழுதிய பெயரைப் படித்துப் பார்ப்பதற்கு யாருக்கும் இருப்பதில்லை.

நம் மக்களுக்கு இந்தச் சிக்கல் கூடுதலாக வருவதற்குக் காரணம் உண்டு. பிறப்பைப் பதிந்தபோது ஒருவர் காதில் விழுந்தபடி எழுதினார். செக்ரோலில் (தோட்டத்தின் வேலையாட்கள் பதிவேட்டில்) இன்னொருவர் வேறு விதமாக எழுதினார். பழைய அடையாள அட்டையிலோ பெயர் சிங்களத்தில் மட்டுமே இருந்தது, அதை மறுபடி தமிழுக்குக் கொண்டு வரும்போது உருவமே மாறிவிடுகிறது. ஒரு முறை ஒரு பெண், தாயாரின் டிரங்குப் பெட்டியிலிருந்து பழைய சேலைத் துணியில் சுற்றிய கடதாசிகளை என் மேசையில் விரித்து வைத்தார். அடையாள அட்டையில் செல்லம்மா, நிதிக் கணக்கில் செல்லாயி, கோயில் வரிப் புத்தகத்தில் செல்லம்மாள். மூவரும் ஒருவரே என்று நிரூபிக்க அந்தக் குடும்பம் பட்ட பாடு கொஞ்சமல்ல.

ஆகவே அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், நிதிக் கணக்கு விபரம் ஆகிய மூன்றையும் பதிவுக்குப் போகும்போதே எடுத்துச் செல்லுங்கள். கையொப்பமிடுவதற்கு முன் பெயரை எழுத்தெழுத்தாகப் படியுங்கள். உங்களால் முடியாவிட்டால் படித்த பிள்ளை ஒன்றை உடன் அழைத்துச் செல்லுங்கள். 1987இல் கொண்டுவரப்பட்ட 13ஆவது அரசியலமைப்புத் திருத்தத்தின்படி தமிழும் அரசகரும மொழிதான் என்பதால், தமிழில் பதிந்து தரும்படி கேட்பதற்குத் தயங்க வேண்டியதில்லை. இப்போது உங்கள் கையில் இருக்கும் சான்றிதழைத் திருத்துவதற்குப் பிரதேச செயலகத்திலுள்ள மேலதிக மாவட்டப் பதிவாளரிடம் விண்ணப்பியுங்கள். ஊழியர் சேமலாப நிதியும் ஊழியர் நம்பிக்கை நிதியும் வெவ்வேறானவை. ஒன்றைப் பெற்றதும் மற்றதை மறந்துவிடாமல் இரண்டுக்கும் தனித்தனியாக விண்ணப்பிக்க வேண்டும்.

கேள்வி (பொகவந்தலாவை): எங்கள் தோட்டத்தில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த ஒருவர் குளவி கொட்டி இறந்துபோனார். பிரேதத்தை அறுக்க வேண்டாம் என்று குடும்பத்தார் கெஞ்சினார்கள். அது சரிதானா?

அவர்களுடைய வேதனை புரிகிறது. ஆனால் திடீர் மரணம் எதுவானாலும் மரண விசாரணை நடக்க வேண்டும் என்பது சட்டம். பிரேத பரிசோதனை தேவையா என்பது அந்த விசாரணையில் தீர்மானிக்கப்படும். வேலைத்தளத்தில் நேர்ந்த மரணத்துக்கு 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டத்தின் கீழ் நட்டஈடு கோரும்போது, குளவிக் கொட்டினால்தான் உயிர் போனது என்று எழுதப்பட்ட அந்த அறிக்கையே குடும்பத்துக்குக் கைகொடுக்கும். விசாரணை முடியும்வரை உடல் கெடாமலிருக்க மருந்து ஏற்றக் கூடாது (எம்பாம் செய்யக் கூடாது) என்பதையும் நினைவில் வையுங்கள். ஏற்றிவிட்டால் பரிசோதனைக்குரிய தடயங்கள் கெட்டுப்போகும். யார் அவசரப்படுத்தினாலும் நாங்கள் அதற்கு இணங்குவதில்லை.

கேள்வி (பண்டாரவளை): நம் ஊர்க் குளிருக்கு எம்பாம் செய்யத்தான் வேண்டுமா?

மறுநாளே அடக்கம் என்றால் பெரும்பாலும் தேவையில்லை. குளிர் உடல் கெடுவதைத் தாமதப்படுத்துமே தவிர நிறுத்தாது. கொழும்பிலிருந்தோ மத்திய கிழக்கிலிருந்தோ பிள்ளைகள் வந்து சேரும்வரை வைத்திருக்க வேண்டுமானால் செய்துகொள்வதே நல்லது. கழுத்திலோ தொடையிலோ உள்ள நாடி வழியாக ஃபோமலின் கலந்த மருந்தைச் செலுத்தி, நாளத்தின் வழியாக இரத்தத்தை வெளியேற்றுவதே அதன் முறை.

கேள்வி (மஸ்கெலியா): கடன் வாங்கியாவது நல்ல பெட்டி எடுக்க வேண்டும் என்று சொந்தக்காரர்கள் சொல்கிறார்கள். என்ன செய்யலாம்?

வேண்டாம் அம்மா. தேக்கும் மஹோகனியும் பார்வைக்கு அழகுதான், ஆனால் அல்பீசியாப் பலகையில் செய்த பெட்டியும் அதே கடமையைச் செய்யும், தூக்குபவர்களுக்கும் பாரம் குறையும். எந்த மலர்ச்சாலைக்குப் போனாலும் பெட்டி, மருந்து, வாகனம், பந்தல், கதிரை என்று ஒவ்வொன்றின் விலையையும் தனித்தனியாக எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தரத் தயங்கும் இடத்தில் முற்பணம் கொடுக்காதீர்கள். தோட்டத்தின் மரண உதவிச் சங்கத்தில் சந்தா கட்டி வந்திருந்தால், கடனைப் பற்றி யோசிக்கும் முன் அதன் பொருளாளரைப் பாருங்கள். துக்கத்தில் இருப்பவரிடம் விலை உயர்ந்ததைக் காட்டி விற்பது பாவம் என்று அப்பா சொல்வார். நானும் அப்படித்தான் நம்புகிறேன்.

கேள்வி (கொட்டகலை): சாவு வீட்டில் தப்பு (பறை) மேளம் வேண்டாம், பேண்ட் வாத்தியம் வைக்கலாம் என்கிறார்கள் இளைஞர்கள். உங்கள் கருத்து என்ன?

தப்பு நம் மலையகத்தின் கலை, அது ஒலிப்பதையே நான் விரும்புகிறேன். ஆனால் எவரையும் பிறப்பைச் சொல்லி அடிக்க வைக்கக் கூடாது. விரும்பி வரும் கலைஞருக்குப் பேசிய கூலியைக் குறைக்காமல் கொடுத்து, எல்லோருடனும் ஒரே பந்தியில் அமர வைத்துச் சாப்பாடு போடுங்கள்.

கேள்வி (நோர்வூட், மேல்பிரிவு): எங்கள் லயத்துக்கு வாகனம் வராது. பெட்டியை எப்படிக் கொண்டு வருவீர்கள்?

எங்கள் வேன் வரும் இடத்திலிருந்து தூக்கித்தான் வர வேண்டும். எட்டுப் பேர் தயாராக இருக்கட்டும். நாலு பேர் தூக்க, ஒவ்வொரு வளைவிலும் மற்ற நாலு பேர் மாற்றிக்கொள்ளலாம். மழை பெய்தால் படிக்கட்டில் பாசி வழுக்கும், ஆகையால் சாக்கு விரித்து வையுங்கள். இன்னொன்று: லயத்துக் காம்பராவின் கதவு ஒடுக்கமானது, உள்ளே பெட்டியைத் திருப்பவும் இடம் போதாது. தொலைபேசியில் பேசும்போதே வாசலின் அகலத்தை ஒரு கயிற்றால் அளந்து சொல்லிவிடுங்கள். அதற்கேற்ற பெட்டியை எடுத்து வருவோம், இறந்தவரைச் சாய்த்துத் தூக்க வேண்டிய நிலை வராது.