நிதியும் புள்ளியியலும் சேர்த்துப் படிக்க, செலவு குறைந்த முதுகலைப் படிப்பு எது?

தண்டையார்பேட்டையில் வீடு, பி.எஸ்சி. கணிதம் முடித்தாயிற்று, கடன் வாங்காமல் மேலே படிக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். என் பதில்: பெயரில் 'ஃபைனான்ஸ்' இருக்கிறதா என்று தேடாதீர்கள், புள்ளியியலைப் பிடியுங்கள்.

காரணம் சொல்கிறேன். காசிமேட்டு மீன் ஏலத்தில் வஞ்சிரம் விலை தினமும் ஏறி இறங்கும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், அப்போது எகிறிவிடும். இதில் எது பருவத்தால் வந்தது, எது தற்செயல் என்று பிரித்துப் பார்ப்பதுதான் டைம் சீரிஸ். பங்கு விலைக்கும் வட்டி விகிதத்துக்கும் அடிப்படை இதேதான். அதனால் பாடத்திட்டத்தை வாங்கிப் பாருங்கள். டைம் சீரிஸ், ரெக்ரஷன் (ஒன்று மாறினால் மற்றொன்று எவ்வளவு மாறும் என்று கணிப்பது), ஸ்டொகாஸ்டிக் ப்ராசஸ் (தற்செயலாக மாறிக்கொண்டே போவதைக் கணக்கில் பிடிப்பது) மூன்றும் இருக்க வேண்டும். இல்லாத படிப்புக்கு லட்சக்கணக்கில் கட்டுவது வீண்.

முதலில் சேப்பாக்கம். சென்னைப் பல்கலைக்கழகத்தில் எம்.எஸ்சி. புள்ளியியல் இருக்கிறது, காப்பீட்டு இடர்களைக் கணக்கிடும் ஆக்சுவேரியல் சயன்ஸும் உண்டு. மாநிலக் கல்லூரியும் பக்கத்திலேயே. பீச் ஸ்டேஷனில் பறக்கும் ரயில் ஏறினால் போய்விடலாம். விடுதிச் செலவு மிச்சம், அதுதான் பெரிய தொகை.

வெளியூர் போக முடியுமென்றால், இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தின் எம்.ஸ்டாட்., அதாவது அங்குள்ள புள்ளியியல் முதுகலை. கல்விக் கட்டணம் கிடையாது, மாதாமாதம் உதவித்தொகையும் தருகிறார்கள். நுழைவுத் தேர்வு கடினம்தான், ஆனால் கணிதம் படித்த உங்களுக்கு எட்டாததல்ல. தயவுசெய்து எழுதிப் பாருங்கள். புதுச்சேரிப் பல்கலைக்கழகமும் ஒரு வழி, அதற்குச் சியூஇடி என்ற பொது நுழைவுத் தேர்வு எழுத வேண்டும்.

அப்புறம், சேரும் முன் சீனியர் ஒருவரிடம் கட்டண ரசீதைக் காட்டச் சொல்லுங்கள். தேர்வுக் கட்டணம், லேப் கட்டணமெல்லாம் அதில்தான் தெரியும்.