அப்பாவுக்கு இதய ரத்தக்குழாயில் ஸ்டென்ட் வைத்து நான்கு மாதம் ஆகிறது, நன்றாக இருக்கிறார். இரண்டு ரத்த மாத்திரையில் ஒன்றை நிறுத்தலாமா? அவருக்கு ஒரு பல்லும் பிடுங்க வேண்டியிருக்கிறது.

நீங்களாக நிறுத்தாதீர்கள். அப்பா நன்றாக இருப்பதற்கு அந்த மாத்திரைகளும் ஒரு காரணம்.

குடியாத்தத்தில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். வேலூரில் ஸ்டென்ட் வைத்துக்கொண்டு, சீட்டை பிளாஸ்டிக் கவரில் மடித்து எடுத்து வருபவர்கள் நிறைய பேர். முதல் மாதம் அட்டை அட்டையாக வாங்குவார்கள். போகப்போக, "பத்து மாத்திரை மட்டும் வெட்டிக் குடுங்கண்ணா". பிறகு, "ரெண்டும் ரத்தத்துக்குத்தானே, ஒண்ணு போதாதா?"

போதாது. ஆஸ்பிரினும் சரி, கூடத் தரும் க்ளோபிடோக்ரெல் அல்லது டிகாக்ரெலரும் சரி, ரத்தத்தை உறைய வைக்கும் தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் தடுப்பவைதான். ஆனால் தடுக்கும் வழி வேறு வேறு. ஸ்டென்ட் என்பது ரத்தக்குழாயைத் திறந்து வைக்கும் கம்பி வலை. ரத்தக்குழாயின் உள்தோல் அதன்மேல் வளர்ந்து மூட மாதக்கணக்கில் ஆகும். அதற்குள் ஒன்றை விட்டால் வலைக்குள்ளேயே ரத்தம் உறைந்து குழாய் மொத்தமாக அடைத்துக்கொள்ளலாம். அது இன்னொரு மாரடைப்பு, உயிருக்கே ஆபத்து. அதனால்தான் மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்தவர்களுக்குப் பொதுவாக 12 மாதம் இரண்டும் தருகிறார்கள். பிறகும் ஒன்று, பெரும்பாலும் ஆஸ்பிரின் 75 மி.கி., தொடரும். ரத்தக்கசிவு பயம் உள்ளவர்களுக்கு டாக்டரே முன்கூட்டிக் குறைப்பதும் உண்டு. அது டாக்டர் போடும் கணக்கு, சித்தப்பா போடும் கணக்கு இல்லை.

டிகாக்ரெலர் 90 மி.கி. என்றால் காலையும் இரவும் போட வேண்டும். இரவு மாத்திரையைத்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். சிலருக்கு அதில் மூச்சு வாங்கும். பயந்துபோய் விட்டுவிடாமல் டாக்டரிடம் காட்டினால், மாத்திரைதான் காரணமா என்று பார்த்து மாற்றித் தருவார்.

சட்டைக் கையைச் சுருட்டி, இந்த மாத்திரைகளால் நீலமாகக் கன்றிப்போன இடத்தைக் காட்டுவார்கள். சின்னதாக இருந்தால் பெரும்பாலும் பயமில்லை. மலம் தார் போலக் கறுத்தாலோ, ரத்த வாந்தி வந்தாலோ, தலையில் அடிபட்டாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மூட்டுவலிக்கு டைக்ளோஃபினாக் வாங்கிப் போடாதீர்கள், வயிற்றில் ரத்தம் கசியலாம். க்ளோபிடோக்ரெல் போடுபவர் நெஞ்செரிச்சலுக்கு ஒமிப்ரசோலையும் தானாக வாங்கக்கூடாது, அது க்ளோபிடோக்ரெலின் வேலையைக் குறைக்கும்.

பல் டாக்டரிடம் இதயச் சீட்டை முதலிலேயே காட்டுங்கள். பெரும்பாலும் மாத்திரையை நிறுத்தாமலே பிடுங்கி, பஞ்சு வைத்து அழுத்தியோ தையல் போட்டோ ரத்தத்தை நிறுத்திவிடுவார்கள்.

காசுதான் இடிக்கிறது என்றால் அதையும் டாக்டரிடம் கூச்சப்படாமல் சொல்லுங்கள். மக்கள் மருந்தகத்தில் க்ளோபிடோக்ரெல் மலிவாகவே கிடைக்கிறது, என் கடையில்தான் வாங்க வேண்டும் என்றில்லை.