மூன்று நிமிடம் நின்று பாருங்கள்: இன்றைய ஓவியங்கள் பற்றிக் கேள்வி பதில்

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கமிருந்து வந்த கேள்விகள் இவை. தாங்களே வரைந்து, தாங்களே காட்சிக்கு வைத்து, தாங்களே விற்கிற ஓவியர்கள் இப்போது எங்கள் ஊர்களில் கூடி வருகிறார்கள். அவர்களுடைய படங்களை எப்படிப் பார்ப்பது, எப்படி வாங்குவது என்றுதான் எல்லாரும் கேட்டிருக்கிறார்கள். நான் 26 வருஷம் பள்ளிக்கூடங்களில் சித்திரம் படிப்பித்தவள், கல்லடியில் இருக்கிறேன். பிள்ளைகளுக்கு வரையச் சொல்லிக் கொடுத்தோம், பார்க்கச் சொல்லிக் கொடுக்கவில்லையே என்ற குறை எனக்கு நெடுநாளாக உண்டு. அதனால் சில பதில்கள் நீண்டுவிட்டன.

களுவாஞ்சிகுடி, வங்கி ஊழியர்: ரீச்சர், கண்காட்சிக்குப் போனால் பத்து நிமிடத்தில் ஒரு சுற்றுச் சுற்றி வெளியே வந்துவிடுகிறேன். ஒன்றும் விளங்குவதில்லை. படத்தின் அர்த்தத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?

தம்பி, அர்த்தம் கொஞ்சம் பொறுத்திருக்கட்டும். முதலில் கண்ணுக்குத் தெரிகிறதைச் சொல்லிப் பாருங்கள். வாய்விட்டே சொல்லலாம்.

ஒரு மாணவர் கண்காட்சியில் கதவளவு பெரிய காகிதம் ஒன்று தொங்கியது. தூர நின்று பார்த்தால் சாம்பல் நிறத்தில் பாய் விரித்த மாதிரி இருந்தது. கிட்டப் போனேன். கறுப்பு மைப் பேனாவால் கீறிய சின்னச் சின்னக் கோடுகள், பன்பாய் இழைக்கிற அதே ஒழுங்கில், குறுக்கும் நெடுக்குமாக. சில இடங்களில் பேனா அழுத்தியதில் காகிதம் பள்ளமாகியிருந்தது. வலது பக்கத்தில், கீழே, கோடுகள் திடீரென்று நின்றுவிட்டன. அங்கே வெறுங்காகிதம். அந்த வெள்ளையின் ஓரத்தைக் கண்ணால் சுற்றி வந்தபோதுதான் விளங்கியது, அது ஒருக்களித்துப் படுத்திருக்கிற ஆளின் வடிவம். பாய் இருக்கிறது, படுத்திருந்தவர் இல்லை.

நான் அந்த இடத்திலேயே நின்றுவிட்டேன். முதல் பார்வையில் எனக்கும் அது பாய்தான். மூன்றாவது நிமிடத்தில்தான் ஆள் தெரிந்தார். வரைந்த பிள்ளை பக்கத்தில் விளக்கம் எதுவும் எழுதி வைக்கவில்லை. எழுதியிருந்தால் நான் அதை வாசித்துவிட்டு அடுத்த படத்துக்குப் போயிருப்பேன்.

ஆகவே தூர நின்று பாருங்கள், கிட்டப் போய்ப் பாருங்கள், மறுபடி தூர வாருங்கள். கண் முதலில் எங்கே போய் விழுகிறது, அங்கிருந்து எங்கே இழுபடுகிறது என்று கவனியுங்கள். வர்ணம் தண்ணீராக ஓடியிருக்கிறதா, கத்தியால் அப்பியிருக்கிறதா? எந்த இடத்தை வரையாமல் விட்டிருக்கிறார்? தலைப்பைக் கடைசியில் வாசியுங்கள். எங்கள் ஆட்கள் வட்டக்களரியைச் சுற்றி விடிய விடிய இருந்து கூத்துப் பார்க்கிறவர்கள். கதை முழுக்கத் தெரிந்த கூத்தையே பத்துத் தரம் பார்க்கிறவர்கள். அப்படிப்பட்ட பொறுமை உள்ள சனத்துக்கு ஒரு படத்தின் முன்னால் மூன்று நிமிடம் பெரிய காரியமில்லை. எல்லாப் படத்துக்கும் வேண்டாம். ஒரு கண்காட்சியில் மூன்று படம் போதும்.

மருதமுனை, ஒரு தங்கச்சி: உருவமே இல்லாமல் வர்ணத்தை மட்டும் பூசியிருக்கிறார்கள். எங்கட வீட்டுச் சின்னப்பிள்ளையும் இப்படிச் செய்யுமே?

தங்கச்சி, நீங்கள் கைத்தறி ஊரில் இருந்துகொண்டு கேட்கிறீர்கள், எனக்கு விளக்குவது சுகம். ஒரு கைத்தறிச் சாரியை விரித்துப் பாருங்கள். அதில் மரமும் இல்லை, ஆளும் இல்லை. ஆனாலும் ‘இந்தப் பச்சைக்கு இந்தக் கரை எடுபடவில்லை’ என்று உடனே சொல்லிவிடுவீர்கள். பாவு ஒரு நிறம், ஊடு ஒரு நிறமென்றால் துணியை அசைக்கும்போது மூன்றாவதாக ஒரு நிறம் மினுங்கும், அதுவும் உங்களுக்குத் தெரியும். அதே கண்ணைத்தான் உருவமில்லாத ஓவியத்துக்கும் கொண்டுபோக வேண்டும். எந்த நிறம் முன்னுக்கு வருகிறது, எது பின்னுக்குப் போகிறது, ஓரங்கள் வெட்டினாற்போல் இருக்கின்றனவா, கரைந்து போகின்றனவா என்று பாருங்கள்.

சின்னப்பிள்ளை கீறுவதும் வடிவுதான். ஆனால் பிள்ளை ஒன்றை அழித்துவிட்டுத் திரும்ப வரைவது அரிது. வளர்ந்த ஓவியரின் படத்தில், மேல் வர்ணத்துக்குக் கீழே அவர் வேண்டாமென்று மூடிய வர்ணம் ஓரங்களில் எட்டிப் பார்க்கும். அதைத் தேடுங்கள், அவர் யோசித்த வழி தெரியும். எதுவுமே அகப்படாவிட்டால் அது சோம்பலான படமாகவும் இருக்கலாம். பிடிக்கவில்லை என்று சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு.

செங்கலடி, உயர்தர மாணவர்: இலங்கையில் நவீன ஓவியம் எங்கிருந்து தொடங்குகிறது? கிழக்கில் யாரை அறிந்திருக்க வேண்டும்?

மகன், 1943இல் கொழும்பில் உருவான ‘43 குழு’ ஒரு நல்ல தொடக்கப் புள்ளி. லயனல் வென்ட், ஜோர்ஜ் கீற், ஐவன் பீரிஸ், ஜஸ்டின் தெரணியகல, ஹரி பீரிஸ் முதலானோர் அதில் இருந்தார்கள். ஆங்கிலேயர் காலத்துக் கலைக்கழகப் பாணியை, அதாவது கண்டதை அப்படியே நகலெடுக்கிற பாணியை, போதும் என்று விட்டவர்கள். கீற்றின் கோடுகளைப் பார்த்தால் பிக்காசோவும் தெரிவார், எங்கள் விகாரைச் சுவரோவியமும் தெரியும். கொழும்புக்குப் போனால் பார்ன்ஸ் பிளேசில் ஹரி பீரிஸ் வாழ்ந்த வீடு சபுமல் பவுண்டேஷனாக இருக்கிறது. அங்கே இவர்களுடைய மூலப் படங்களைக் கிட்ட நின்று பார்க்கலாம்.

தொண்ணூறுகளில் காற்று மாறியது. போரும் காணாமல் போதலும் படத்துக்குள் வந்தன. சந்திரகுப்த தேனுவர 1997இல் சோதனைச் சாவடிப் பீப்பாய்களையே கலைப்பொருளாக்கினார். நாங்கள் நாள்தோறும் அடையாள அட்டையோடு வரிசையில் நின்ற அதே பீப்பாய்கள்! முஹன்னட் காதர், தா. சனாதனன், தேனுவர, ஜகத் வீரசிங்க ஆகிய நால்வரும் 2005 முதல் 2007 வரை ஒருவருக்கொருவர் தபாலில் வரைபடம் அனுப்பி, வந்ததற்கு மறுமொழியாக இன்னொன்றை வரைந்தார்கள். மொத்தம் 208 வரைபடங்கள். போர் திரும்பவும் மூண்ட காலம் அது. கடிதம் போட்டுக் கதைப்பது போல நாலு பேர் கோட்டால் கதைத்தார்கள் என்பதை நினைத்தால் எனக்கு இப்போதும் நெஞ்சு கனக்கும்.

சனாதனனின் இன்னொரு வேலையையும் தேடிப் பார். இடம்பெயர்ந்தவர்களிடம் விட்டுவந்த வீட்டை ஞாபகத்தில் இருந்து கீறச் சொல்லி, அந்தக் கீறல்களோடு தன் வரைபடங்களையும் சேர்த்து 2011இல் ஒரு தோம்பாக்கினார். தோம்பு என்றால் ஒல்லாந்தர் காலத்துக் காணிப் பதிவேடு என்பது உனக்குத் தெரிந்திருக்கும். யாழ்ப்பாணத்தில் பல தலைமுறை மாணவரை உருவாக்கிய அ. மாற்குவையும் மறக்கக்கூடாது.

கிழக்கில் என்றால், மட்டக்களப்பில் இருந்து பெண்களின் வாழ்வையும் வலியையும் வலுவையும் வரைந்து வருகிற கமலா வாசுகியை முதலில் சொல்வேன். மட்டக்களப்பில் பிறந்த பாக்கியராஜா புஷ்பகாந்தனின் மை வரைபடங்களையும் பார். காயம்பட்ட நிலத்தை அவர் வரைகிற விதம் அவசரக் கண்ணுக்கு அகப்படாது. இவர்களுக்குப் பிறகு வருகிறவர்களைக் காண, சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்து மாணவர் கண்காட்சிகளைத் தவறவிடாதே. கல்லடிப் பாலம் தாண்டினால் வந்துவிடும்.

ஏறாவூர், ஒரு தாய்: எல்லாப் படமும் துயரமாகவே இருக்கிறது. எங்கட துயரம் போதாதா?

உங்கள் களைப்பு எனக்கு விளங்குகிறது, அக்கா. சுனாமிக்குப் பிறகு சில வருஷம் நானும் கடல் வரைந்த படம் எதையும் பார்க்கவில்லை. பார்க்க முடியாத நாளில் பார்க்காமல் விடுவது குற்றமில்லை. ஒன்றை மட்டும் சொல்கிறேன்: வாயால் சொல்ல முடியாததைக் கையால் சொல்கிற பிள்ளைகள் பலர் இருக்கிறார்கள், அவர்களுக்கு அந்தப் படம் வேண்டியிருக்கிறது. அதே பிள்ளைகள் மீன்சந்தையையும், மாமாங்கக் கோயில் தீர்த்தத் திருவிழாவையும், வெயிலில் காயும் நெல்லையும் வரைந்து வைத்திருப்பார்கள். ‘வேறு என்ன வைத்திருக்கிறீர்கள்?’ என்று கேளுங்கள். பெரும்பாலும் மேசைக்குக் கீழிருந்து ஒரு கோப்பு வரும்.

காத்தான்குடி, ஒரு சகோதரர்: வீட்டில் உருவப் படம் வைப்பதில்லை. நாங்கள் எதைப் பார்க்கலாம், எதை வாங்கலாம்?

நிறைய இருக்கிறது, தம்பி. வாவிக்கரைக் காட்சிகள், நான் மேலே சொன்ன உருவமில்லாத ஓவியங்கள், அறபு எழுத்தணி. எழுத்தணியைப் பார்க்கும்போது எழுத்தை வாசித்ததோடு நின்றுவிடாமல், எழுத்துகளுக்கு இடையில் இருக்கிற வெறும் இடத்தையும் பாருங்கள். நல்ல கையென்றால் அந்த வெறுமையும் அளவாக நிற்கும். நாணல் பேனாவின் மை எங்கே தடித்து எங்கே மெலிகிறது என்று தொடர்ந்து போனால், எழுதிய கையின் வேகத்தையே காணலாம்.

அக்கரைப்பற்று, அரச ஊழியர்: ஒரு காகிதத்துக்கும் வர்ணத்துக்கும் இவ்வளவு விலையா? பேரம் பேசலாமா?

பலர் சதுர அங்குலக் கணக்கில் விலை வைப்பார்கள். 12க்கு 18 அங்குலப் படம் 216 சதுர அங்குலம், 24க்கு 36 என்றால் 864. பக்கங்கள் இரண்டு மடங்கானால் விலை நாலு மடங்காவது அதனால்தான். நல்ல வர்ணமும் காகிதமும் இறக்குமதிச் சாமான். அதோடு, விற்பட்ட ஒரு படத்துக்குப் பின்னால் விற்காத பல படங்களும் கிழித்தெறிந்த தாள்களும் இருக்கின்றன. காட்சியறை மூலம் விற்றால் விலையில் மூன்றிலொரு பங்கிலிருந்து பாதி வரை காட்சியறைக்காரருக்குப் போவது வழமை. ஓவியரிடம் நேரே வாங்கினால் முழுக்காசும் அவர் கைக்கு.

பேரம் பேசாதீர்கள் என்று மனமாரக் கேட்டுக்கொள்கிறேன். ‘என்னிடம் இவ்வளவுதான் இருக்கிறது, இதற்குள் சின்னப் படம் இருக்கிறதா, மாதாமாதம் தரலாமா’ என்று கேளுங்கள். அது மரியாதையான கேள்வி, அநேகமாக நல்ல பதிலே கிடைக்கும். பென்சில் முன்வரைவுகள் மலிவு. எனக்கு அவைதான் அதிகம் பிடிக்கும். வாங்கும்போது தலைப்பு, வருஷம், அளவு, எதனால் வரைந்தது என்று எழுதி ஒப்பமிட்டுத் தரச் சொல்லுங்கள். பல ஓவியர்களை ஒரே நாளில் சந்திக்க விரும்பினால், 1993 முதல் கொழும்பில் நடக்கிற ‘கலா பொல’ தெருச் சந்தைக்கு ஒரு தரம் போய் வாருங்கள்.

கல்முனை, ஒரு கடைக்காரர்: போனில் படம் காட்டி ‘கையால் வரைந்தது’ என்று விற்கிறார்கள். அச்சடித்ததா என்று எப்படி அறிவது?

நேரில் பார்க்காமல் காசு கட்டாதீர்கள். போன் லைட்டைப் படத்தின் பக்கவாட்டில் சாய்த்துப் பிடியுங்கள். தூரிகை போன தடம் மேடு பள்ளமாகத் தெரிய வேண்டும். சிலர் அச்சடித்த கன்வஸின் மேல் பளபளக்கும் பசையைத் தூரிகையால் பூசிவிடுவார்கள். அப்போது மேடு இருக்கும், ஆனால் அது உருவத்தோடு ஒத்துப் போகாது: கிளை ஒரு பக்கம் வளைய, தடம் இன்னொரு பக்கம் போகும். பூதக்கண்ணாடியால் பார்த்தால் அச்சில் நுண்ணிய புள்ளிகள் தெரியும். கன்வஸின் ஓரத்தையும் முதுகையும் பாருங்கள், கைவேலை என்றால் வர்ணம் எங்காவது சிந்தியிருக்கும்.

ஒரு விலக்கு உண்டு. ஓவியரே மரத்திலோ லினோ என்கிற மென்மையான தகட்டிலோ செதுக்கிக் கையால் அச்செடுத்து, கீழே பென்சிலால் 7/30 என்று இலக்கமிட்டிருந்தால் அது மூலப்படைப்புத்தான். முப்பது பிரதியில் ஏழாவது என்று பொருள்.

ஆரையம்பதி, ஒரு மாணவி: நான் வாங்கிய படத்தை டீசேர்ட்டில் அச்சடித்து விற்கலாமா?

கூடாது, மகள். வாங்கியது படம் மட்டும், பதிப்புரிமை ஓவியரிடமே இருக்கும். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி அவர் வாழ்நாளும் அதன்பின் 70 வருஷமும் அது செல்லும். அவரிடமே கேட்டு, பங்கு பேசிச் செய்யுங்கள்.

வாழைச்சேனை, ஒரு குடும்பம்: எங்கட உப்புக்காற்றிலும் மாரி மழையிலும் படங்களை எப்படிக் காப்பது?

இதில் நான் பட்ட பாடு உண்டு. தோழி ஒருத்தி வரைந்து தந்த நீர்வர்ண வாவிக்காட்சியைப் பிரேம் போடக் கொடுத்தேன். கடைக்காரர் கண்ணாடியைக் காகிதத்தின் மேலேயே வைத்து அழுத்திப் பூட்டிவிட்டார். இரண்டு மாரி போனது. வானத்தில் பூஞ்சணம் பிடித்திருக்கிறதே என்று கழற்றினால், காகிதம் கண்ணாடியோடு ஒட்டியிருந்தது. உரித்தபோது வானம் பாதி கண்ணாடியில் வந்துவிட்டது. தோழி இப்போது உயிரோடு இல்லை. மீதி வானத்தை அப்படியே வைத்திருக்கிறேன்.

காகிதப் படமென்றால் சுற்றிவர மவுண்ட் அட்டை வைத்து, கண்ணாடிக்கும் படத்துக்கும் இடையில் காற்று இருக்கும்படி பிரேம் போடச் சொல்லுங்கள். அட்டை அமிலமில்லாததாக இருக்கட்டும். பின்னால் வெறும் ஹார்ட்போர்ட் அடித்தால் நாளடைவில் காகிதம் மஞ்சளாகும். பிரேமின் கீழ் மூலைகளில் இரண்டு தக்கைத் துண்டு ஒட்டினால் சுவரோடு ஒட்டாமல் நிற்கும். மழை அடிக்கிற வெளிச்சுவரும் குசினியும் வேண்டாம், நேர்வெயிலும் வேண்டாம். அக்ரிலிக், எண்ணெய்ப் படங்களுக்குக் கண்ணாடி தேவையில்லை. தூசியைக் காய்ந்த மெல்லிய தூரிகையால் தட்டுங்கள், ஈரத்துணி தொடவே கூடாது. சுருட்ட நேர்ந்தால் வர்ணப் பக்கம் வெளியே இருக்கச் சுருட்டுங்கள். உள்ளே மடித்தால் வர்ணம் நெரிபட்டு வெடிக்கும்.

திருக்கோவில், கடற்றொழில் செய்பவர்: ஒரு படத்தில் வலை காயப் போட்டிருந்தது. மிதப்பும் ஈயக்குண்டும் ஒரே கயிற்றில் கட்டியிருந்தன. அது பிழை. படிக்காத நான் இதைச் சொல்லலாமா, ரீச்சர்?

கட்டாயம் சொல்லுங்கள், அண்ணன். மேல்கயிற்றில் மிதப்பு, கீழ்க்கயிற்றில் ஈயம் என்பதை நீங்கள் கண்டீர்கள். அந்தப் படத்தின் முன்னால் நின்றவர்களில் எத்தனை பேர் கண்டிருப்பார்கள்? ஓவியர் தெரியாமல் வரைந்திருந்தால் உங்களிடம் கற்றுக்கொள்வார், அடுத்த வலையைச் சரியாக வரைவார். தெரிந்தே வரைந்திருந்தால், தண்ணீரில் மிதக்கவும் முடியாமல் தாழவும் முடியாமல் கிடக்கிற ஒரு வலையை ஏன் வரைந்தார் என்று அவரிடம் கேட்க வேண்டியவரும் நீங்கள்தான். ‘நல்லா இருக்கு’ என்று சொல்லிவிட்டுப் போகிற நூறு பேரை விட, இப்படி ஒருவர் வந்து கேட்க மாட்டாரா என்றுதான் வரைகிறவர் மேசையடியில் காத்துக்கொண்டிருப்பார்.

அவர் என்ன சொன்னார் என்று எனக்கும் எழுதுங்கள். படம் எங்கே இருக்கிறதென்றும் சொல்லுங்கள், அந்தக் கயிற்றை நான் போய்ப் பார்க்க வேண்டும்.