கேள்வி – பதில்: விஸ்கி கம்பெனிகளில் ஏன் ஆட்குறைப்பு?

ஜாக் டேனியல்ஸ் தயாரிக்கும் பிரவுன்-ஃபோர்மன், 2025-ல் ஆட்குறைப்போடு லூயிவில் நகரிலிருந்த தன் பீப்பாய்ப் பட்டறையையும் மூடிவிட்டதே, பீப்பாய் இல்லாமல் விஸ்கி ஏது?
– வாசகர், ஓசூர்

பீப்பாய் வேண்டும்தான். ஆனால் கிடங்கே நிரம்பிக் கிடக்கும்போது புதுப் பீப்பாய்க்கு வேலையில்லை. அமெரிக்கச் சட்டப்படி போர்பன் விஸ்கியை உட்புறம் தீயில் கருக்கிய புது ஓக் பீப்பாயில்தான் ஊறவைக்க வேண்டும். அதே பீப்பாயில் மறுபடி போர்பன் ஊற்ற முடியாது. அதனால் வடிப்பைக் குறைத்தால் முதல் அடி பட்டறைக்குத்தான்.

சிக்கலின் வேர் காலக்கணக்கு. இன்று 200 லிட்டர் பீப்பாயில் ஊற்றுவது பாட்டிலுக்கு வரச் சில வருடங்கள் ஆகும். கொரோனா காலத்தில் விற்பனை ஏறியதும், அந்த வேகம் நிற்காது என்று நம்பி தொழில் முழுவதும் வடித்துக் குவித்தார்கள். பிறகு விலைவாசியும் வட்டியும் ஏறின. மொத்த வியாபாரிகள் புது ஆர்டர் தராமல் கையிருப்பையே விற்றுத் தீர்த்தார்கள்.

பிரவுன்-ஃபோர்மனில் சுமார் 5,400 பேரில் 12 சதவீத வேலைகள் போயின. பட்டறையில் மட்டும் சுமார் 210 பேர். முப்பது சொச்சம் பலகைகளை, ஆணியோ பசையோ இல்லாமல், அகலம் பார்த்துப் பொறுக்கி வளையத்துக்குள் இறுக்கி நிறுத்துகிற கை அவர்களுடையது. விற்பனைக் கணிப்பில் அவர்களுக்குப் பங்கே இல்லை. அந்தக் கைத்தொழிலுக்கு வேறு பட்டறைகளும் அதிகமில்லை.

‘தற்காலிக நிறுத்தம்’ வேறு, மூடல் வேறு. பீப்பாயை இனி வெளியில் வாங்குவோம் என்று கம்பெனி சொன்னால் அது மூடல்தான். ஸ்காட்லாந்தில் 1983-ல் டிசிஎல் என்ற கம்பெனி மூடிய போர்ட் எலன் விஸ்கி ஆலை மறுபடி திறந்தது 2024-ல்.

என் தம்பி எச்-1பி விசாவில் அமெரிக்க மதுபானக் கம்பெனி ஒன்றில் இருக்கிறான். வேலை போய்விட்டது, கையெழுத்துப் போடச் சொல்லிக் காகிதம் நீட்டுகிறார்கள். என்ன செய்யலாம்?
– வாசகி, கோவை

உடனே கையெழுத்துப் போட வேண்டாம். அந்தக் காகிதத்தில் பெரும்பாலும் ‘இனி வழக்குப் போடமாட்டேன்’ என்றிருக்கும். கூட்டாக ஆட்களை நீக்கும்போது, 40 வயதோ அதற்கு மேலோ ஆன ஊழியரிடம் வயதுப் பாகுபாட்டு உரிமையை விட்டுக்கொடுக்கச் சொன்னால், யோசிக்க 45 நாளும், போட்ட பிறகு திரும்பப் பெற 7 நாளும் தரவேண்டும். நீக்கப்பட்டவர்கள், நீக்கப்படாதவர்களின் பதவி, வயதுப் பட்டியலும் அதோடு வரவேண்டும்.

விசா கெடு அதைவிட அவசரம். வேலை முடிந்த தேதியிலிருந்து அதிகபட்சம் 60 நாள். அமெரிக்காவில் எந்தத் தேதிவரை தங்கலாம் என்று காட்டும் ஐ-94 பதிவு அதற்கு முன்பே முடிந்தால் அதுவரைதான். பலர் ஏமாறுவது இங்கேதான்: இழப்பீட்டுப் பணம் மாதாமாதம் வந்தாலும் அந்த மாதங்கள் வேலையாகக் கணக்கில் வராது. புதுக் கம்பெனி அதற்குள் மனு தாக்கல் செய்ய வேண்டும்.

கம்பெனியின் மருத்துவக் காப்பீட்டை ‘கோப்ரா’ என்ற அமெரிக்கச் சட்டத்தின் மூலம் பொதுவாக 18 மாதம் வரை தொடரலாம். முழு பிரீமியமும் அவர் தலையில்தான். விசாக் காலம் முடியுமுன் கம்பெனியே நீக்கியிருந்தால், ஊர் திரும்பும் பயணச் செலவை அது தரவேண்டும். ‘நானே விலகுகிறேன்’ என்று எழுதிக் கொடுத்தால் அந்த உரிமை போய்விடும்.