கேப்டன் மார்வெல்: கேட்டவையும் சொன்னவையும்

இன்று கேப்டன் மார்வெல் என்று அறியப்படும் கேரல் டான்வர்ஸ் என்ற காமிக்ஸ் நாயகியைப் பற்றிக் கேள்விகள் அனுப்பலாம் என்று அறிவித்ததும், வந்தவற்றில் பாதி திரைப்படத்தைப் பற்றியே இருந்தன. அவற்றைச் சீக்கிரம் முடித்துக்கொண்டு, அதிகம் பேசப்படாத பழைய இதழ்களுக்கு இடம் ஒதுக்கியிருக்கிறேன். ஒரே மாதிரியான கேள்விகளை ஒன்றாக்கிவிட்டேன், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

தெம்பனிஸ் வாசகி: அக்கா, கேப்டன் மார்வெல் 2019-இல் வந்த படத்துக்காகவே உருவாக்கப்பட்டவளா? என் மகள் அப்படித்தான் அடித்துச் சொல்கிறாள்.

மகளுக்கு முன்னால் நீங்கள் ஜெயிக்க ஒரு வாய்ப்பு. கேரல் முதலில் தோன்றியது 1968 மார்ச் தேதியிட்ட 'மார்வெல் சூப்பர்-ஹீரோஸ்' 13ஆம் இதழில். எழுதியவர் ராய் தாமஸ், வரைந்தவர் ஜீன் கோலன். அப்போது அவளுக்குப் பறக்கத் தெரியாது. கையிலிருந்து ஒளிக்கற்றை பாயாது. ராக்கெட் ஏவுதளம் ஒன்றின் பாதுகாப்புத் தலைவி, அவ்வளவுதான். அந்தக் காலத்துக் காமிக்ஸில் ஒரு பெண்ணுக்கு அந்தப் பதவியைக் கொடுத்ததே பெரிய விஷயம் என்பேன்.

கதையின் நாயகன் வேறொருவன். மார்-வெல் என்று பெயர், கேப்டன் மார்வெல் என்ற பட்டமும் அப்போது அவனுடையதே. கிரீ என்ற வேற்றுக்கிரக இனத்தின் படைவீரன், பூமியை வேவு பார்க்க வந்து மனம் மாறியவன். 1969-இல் ஒரு கிரீ இயந்திரம் வெடிக்கும்போது அவன் கேரலைக் காப்பாற்றுகிறான். அந்த வெடிப்பில் அவள் உடம்புக்குள் ஏதோ நடந்துவிட்டது என்று எட்டு ஆண்டுகள் கழித்து இன்னொருவர் எழுதினார். முதலில் எழுதியவர்களுக்கு அந்த யோசனை இருந்ததாக அந்தப் பக்கங்களில் எனக்கு எந்தத் தடயமும் தெரியவில்லை.

புக்கிட் பாத்தோக் வாசகர்: கேப்டன் மார்வெல் என்றால் 'ஷஸாம்' என்று கத்தும் பையன்தானே? யார் யாரிடமிருந்து திருடினார்கள்?

திருட்டு என்று சொல்ல முடியாது, வழக்கறிஞர்களின் கைவண்ணம். ஃபாசெட் நிறுவனம் 1940-இல் அந்தப் பெயரில் ஒரு நாயகனை வெளியிட்டது. சூப்பர்மேனின் நகல் என்று சூப்பர்மேன்காரர்கள் வழக்குப் போட்டார்கள். இழுத்தடித்து, 1953-இல் ஃபாசெட் அந்த நாயகனை நிறுத்தியது. கேட்பாரற்றுக் கிடந்த பெயரை 1967-இல் மார்வெல் நிறுவனம் எடுத்துக்கொண்டது. பின்னர் டிசி நிறுவனம் (அதே சூப்பர்மேன்காரர்கள்தான்) பழைய நாயகனை மீண்டும் கொண்டுவந்தபோது, அட்டையில் அந்தப் பெயரைப் போட முடியாமல் 'ஷஸாம்' என்று போட வேண்டியதாயிற்று.

வர்த்தக முத்திரை தரிசு நிலம் மாதிரி. பயிர் செய்யாமல் விட்டால் பக்கத்துக்காரர் வேலி போட்டுவிடுவார். அதனால்தான் 1982-இல் மார்-வெல் புற்றுநோயில் இறந்ததும் (சண்டையில் அல்ல, நோயில், இன்றும் அந்தக் கதையைப் படித்தால் நெஞ்சு கனக்கும்) அதே ஆண்டு அந்தப் பெயர் மோனிக்கா ராம்போவுக்குப் போனது. நியூ ஆர்லியன்ஸ் துறைமுகக் காவல்படையில் அதிகாரியாக இருந்த கறுப்பினப் பெண். பிறகு அவெஞ்சர்ஸ் என்ற சூப்பர்ஹீரோ அணிக்கே தலைவியானவள். ஆக, கேப்டன் மார்வெல் என்ற பெயரைத் தாங்கிய முதல் பெண் கேரல் அல்ல. மோனிக்காவைப் பற்றித் தனியாகவே ஒரு நாள் பேச வேண்டும்.

ஈசூன் வாசகர்: 1977-இல் வந்த 'மிஸ் மார்வெல்' பெண்ணுரிமைக் காமிக்ஸ் என்கிறார்களே, உண்மையா?

நோக்கம் உண்மை. நிறைவேற்றியது அரைகுறை.

கேரல் சக்தி பெற்று மிஸ் மார்வெல் ஆன தொடர் இது. 1977 ஜனவரி தேதியிட்ட முதல் இதழை ஜெர்ரி கான்வே எழுதினார், ஜான் புஸ்ஸெமா வரைந்தார். அமெரிக்காவில் பெண்கள் இயக்கம் சூடு பிடித்திருந்த நேரம். திருமணமானவளா ஆகாதவளா என்று காட்டாத அந்த 'மிஸ்' (Miss அல்ல, Ms.) என்ற அடைமொழியே இயக்கத்தின் அடையாளம்தான். முதல் இதழில் எனக்குப் பிடித்த காட்சி சண்டைக் காட்சி அல்ல. கேரல் இப்போது ஒரு பெண்கள் பத்திரிகையின் ஆசிரியர். பத்திரிகை முதலாளி யாரென்றால் ஸ்பைடர்மேன் கதைகளில் மேசையைத் தட்டித் தட்டிக் கத்துவாரே, அதே ஜோனா ஜேம்சன். பத்திரிகையில் சமையல் குறிப்பு, உடல் இளைக்கும் வழி, புது உடைகள் இவையெல்லாம் வர வேண்டும் என்கிறார். கேரல் மசியவில்லை. சம்பள விஷயத்திலும் விட்டுக்கொடுக்கவில்லை. மேசைக்கு இந்தப் பக்கம் நின்று அப்படிப் பேசிய நாயகிகள் அன்று குறைவு.

ஆனால் அந்தக் கேரலுக்குத் தானே மிஸ் மார்வெல் என்பது தெரியாது! தலைவலி வரும், நினைவு தப்பும், மறுபடி விழிக்கும்போது ஊர் காப்பாற்றப்பட்டிருக்கும். விடுதலை பெற்ற பெண்ணைப் பற்றிக் கதை எழுத வந்தவர்கள், அவளுடைய வீரம் அவளுக்கே தெரியாதபடி பூட்டிவைத்தார்கள். மூன்றாம் இதழிலிருந்து எழுத வந்த கிறிஸ் கிளேர்மான்ட் அந்தப் பூட்டை மெல்ல உடைத்து இரண்டு மனங்களையும் ஒன்றாக்கினார். 23 இதழ்களோடு 1979-இல் தொடர் நின்றது.

ஜூரோங் வாசகி: அந்த உடை? சிவப்பு, நீலம், வயிறு தெரியும்படி...

மார்-வெல்லின் உடையில் கத்தரியை வைத்து ஆங்காங்கே துணியை எடுத்துவிட்டால் அதுதான். 1978-இல் 20ஆம் இதழில் டேவ் காக்ரம் வரைந்த கறுப்பு உடை வந்தது. மார்பில் மின்னல், இடுப்பில் சிவப்புத் துணி. பார்க்க அழகு, ஆனாலும் நீச்சல் உடை போட்டுக்கொண்டு விண்வெளிக்குப் போகிறவளாகவே முப்பது ஆண்டுகளுக்கு மேல் இருந்தாள்.

பொங்கோல் வாசகர்: 'அவெஞ்சர்ஸ்' 200ஆம் இதழ் என்றாலே பழைய வாசகர்கள் ஏன் கொதிக்கிறார்கள்? சிறுவர்கள் படிக்கலாமா?

இரண்டாவது கேள்விக்கு முதலில்: வேண்டாம்.

1980-இல் வந்த கொண்டாட்ட இதழ் அது. கேரல் திடீரென்று கருவுற்றிருக்கிறாள், சில நாள்களிலேயே குழந்தை பிறக்கிறது. குழந்தை மளமளவென்று வளர்ந்து மார்கஸ் என்ற ஆணாக நிற்கிறான். கேரலைக் காலத்துக்கு அப்பாற்பட்ட ஓரிடத்துக்கு இழுத்துச் சென்று, இயந்திரங்களால் அவள் மனத்தைத் திருப்பி, தன்னையே அவள் வயிற்றில் பிறக்கச் செய்ததாக அவனே சொல்கிறான். இதைக் கேட்ட பிறகும் கேரல் அவனோடு புறப்படுகிறாள். உலகத்தின் மாபெரும் வீரர்கள் சுற்றி நின்று வழியனுப்புகிறார்கள். ஒருவருக்கும் உறைக்கவில்லை. எழுத்தில் நால்வர் பெயர் இருந்தது, நால்வருக்கும் உறைக்கவில்லை.

வாசகர்களுக்கு உறைத்தது. இது வன்புணர்வு என்று ஒரு பெண் வாசகர் ரசிகர் இதழில் கட்டுரை எழுதினார். கிளேர்மான்ட்டும் கொதித்துப்போனார். அவர் 1981-இல் அவெஞ்சர்ஸ் ஆண்டு மலர்களில் பத்தாவதை எழுதினார். அதன் கடைசிப் பக்கங்களில் கேரல் பழைய தோழர்களை எதிரே உட்காரவைத்துக் கேட்கிறாள்: எனக்கு என்ன நடந்தது என்று ஒருவருக்காவது சந்தேகம் வரவில்லையா? கேப்டன் அமெரிக்காவும் தோரும் தலைகுனிந்து நிற்கிறார்கள். மன்னிப்பு என்ற ஒற்றைச் சொல்லால் அந்தப் பக்கம் முடிந்துவிடாது. ஒரு காமிக்ஸ் இன்னொரு காமிக்ஸைக் கண்டித்து எழுதியதில் இதற்கு இணையாக நான் வேறொன்று படித்ததில்லை. மைக்கேல் கோல்டன் வரைந்த முகங்களுக்காகவே அந்த மலரைத் தேடிப் பிடிக்கலாம்.

தோ பாயோ வாசகர்: அதே மலரில்தானே ரோக் வந்து கேரலின் சக்தியைப் பறித்தாள்? பிறகு என்ன ஆனது?

ஆமாம், தொட்டாலே பிறர் சக்தியை உறிஞ்சும் ரோக், சக்தியோடு நினைவுகளையும் பறித்தாள். எக்ஸ்-மென் அணியை நடத்தும் பேராசிரியர் எக்ஸ் நினைவுகளை மீட்டுத் தந்தார். அவற்றோடு ஒட்டியிருந்த உணர்ச்சிகளை மீட்க முடியவில்லை. தாய் தந்தை முகம் தெரியும், பாசம் வராது. 1982-இல் விண்மீன் ஆற்றல் பெற்று பைனரி என்ற பெயர் கொண்டாள். 1998-இல் வார்பேர்டு என்ற பெயரில் அவெஞ்சர்ஸுக்குத் திரும்பினாள்; அந்தக் கட்டத்தில் குடிப்பழக்கத்தில் விழுந்து எழுந்தாள். நடுவில் வந்த பல கதைகளைப் படிக்காமல் விட்டாலும் நட்டமில்லை.

அங் மோ கியோ வாசகர்: படம் வசூலித்ததால்தான் இவளுக்கு இத்தனை மதிப்பு. மனத்தில் கைவைத்துச் சொல்லுங்கள்.

வைத்தே சொல்கிறேன்: தலைகீழ். படம் 2019 மார்ச் 8-இல் வந்து, உலக அளவில் 110 கோடி அமெரிக்க டாலருக்கு மேல் வசூலித்தது. ஆனால் அதற்கு அடித்தளம் போட்டது 2012-இல் தொடங்கிய கேப்டன் மார்வெல் காமிக்ஸ் தொடர். எழுத்தாளர் கெல்லி சூ டிகானிக், ஓவியர் டெக்ஸ்டர் சாய். முதல் இதழிலேயே கேப்டன் அமெரிக்கா கேரலிடம் கேப்டன் மார்வெல் என்ற பெயரை எடுத்துக்கொள் என்கிறார். அவள் தயங்குகிறாள், இறந்த தோழனின் பெயர் அல்லவா? கடைசியில் ஏற்கிறாள். ஜேமி மெக்கெல்வி வடிவமைத்த புது உடை கழுத்திலிருந்து கால்வரை மூடிய விமானியின் சீருடை. கேரல் ஆதியிலிருந்தே அமெரிக்க விமானப்படைக்காரி என்பது ஒருவழியாக உடையில் தெரிந்தது.

விற்பனை ஆகா ஓகோ என்று இல்லை. ஆனால் 'கேரல் கோர்' என்று தங்களை அழைத்துக்கொண்ட வாசகர் கூட்டம் ஒன்று உருவாயிற்று. பெண்களே அதிகம். தொப்பி பின்னினார்கள், உடை தைத்தார்கள், மற்றவர்களிடம் இதழைத் திணித்தார்கள். ஹாலிவுட் பின்னால்தான் வந்தது.

செங்காங் வாசகி: சக்தி அவளுடையதா, மார்-வெல் கொடுத்ததா? நானும் என் தம்பியும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறோம்.

2018 வரை தம்பி சொல்வது சரி, அதன் பிறகு நீங்கள். மார்கரெட் ஸ்டோல் எழுதிய தொடரில் கேரலின் தாயே கிரீ இனத்தவள் என்று தெரியவருகிறது. அப்படியானால் வெடிப்பு கொடுத்தது எதுவுமில்லை. ரத்தத்தில் இருந்ததைத் தட்டி எழுப்பியது மட்டுமே. பழைய கதையை இப்படி மாற்றுவது எனக்குப் பொதுவாகப் பிடிக்காது. இங்கே பிடித்தது. பெயர் ஓர் ஆணுடையது, உடை அவனுடையது, சக்தியும் அவனிடமிருந்து என்று ஐம்பது ஆண்டுகள் எல்லாவற்றையும் இரவலாகவே வைத்திருந்தவளுக்கு ஒன்றாவது தாய்வழிச் சொத்தாக வரட்டுமே.

உட்லண்ட்ஸ் வாசகி: என் மகள் உயர்நிலை ஒன்று. கமலா கான் கதைகளை வாங்கித் தரலாமா அக்கா? நாங்கள் தமிழ் முஸ்லிம் குடும்பம்.

தயங்காமல் வாங்கித் தாருங்கள். மகள் முடித்ததும் நீங்களும் படியுங்கள்.

கேரல் புதுப் பெயருக்குப் போனதும் மிஸ் மார்வெல் பெயர் காலியானது. மார்வெலில் பதிப்பாசிரியராக இருந்த சனா அமானத், தம் சிறுவயது அனுபவங்களைச் சக பதிப்பாசிரியர் ஸ்டீவ் வாக்கரிடம் சொல்லப்போய்ப் பிறந்தவள்தான் புது மிஸ் மார்வெல் கமலா. எழுதியவர் ஜி. வில்லோ வில்சன், வரைந்தவர் ஏட்ரியன் அல்ஃபோனா. 2014-இல் தனித் தொடர் தொடங்கியது. மார்வெலில் தன் பெயரில் தொடர் பெற்ற முதல் முஸ்லிம் நாயகி. முதல் தொகுப்பு 2015-இல் அறிவியல் புனைகதைகளுக்கான ஹியூகோ விருது பெற்றது.

முதல் பக்கம் எப்படித் தொடங்குகிறது தெரியுமா? ஜெர்சி சிட்டியில் ஒரு கடை. பதினாறு வயதுப் பெண் பன்றி இறைச்சி வைத்த ரொட்டியை மோந்து பார்க்கிறாள். சாப்பிடவில்லை, மோந்து மட்டும் பார்க்கிறாள். பள்ளி உணவகத்தில் எந்தக் கடையில் வாங்கலாம் என்று பார்த்துப் பார்த்து வளர்ந்த நம் பிள்ளைகளுக்கு அந்த ஒரு படம் போதும்.

இரவில் வீட்டுக்குத் தெரியாமல் விருந்துக்குப் போகிறாள். மர்ம மூடுபனி சூழ்கிறது. கனவுபோல் கேரல் வானத்திலிருந்து இறங்கி சூஃபி கவிஞர் அமீர் குஸ்ரோவின் கவிதையைச் சொல்கிறாள். என்ன வேண்டும் என்றால், உங்களைப் போலவே ஆக வேண்டும் என்கிறாள் கமலா. அப்படியே ஆகிறாள்: பொன்னிறக் கூந்தல், அந்தப் பழைய கறுப்பு உடை, உயர்ந்த காலணி. அடுத்த இதழில் தெரிகிறது, கூந்தல் கண்ணில் விழுகிறது, உடை உறுத்துகிறது. ஆற்றில் விழுந்த பெண்ணைக் காப்பாற்றும்போது, தன் கையைப் பூதாகாரமாக்கி அள்ளி எடுக்கிறாள். பிற்பாடு தனக்கென்று உடை செய்துகொள்வது எதிலிருந்து என்றால், உடலை மூடிய நீச்சல் உடையான புர்க்கினியிலிருந்து. கேரலுக்கு 34 ஆண்டுகள் பிடித்த வேலையை இந்தப் பெண் சில இதழ்களில் முடித்துவிட்டாள்.

கிளமெண்டி வாசகர்: நம் ஊருக்கு இதில் ஏதாவது பங்கு உண்டா?

உண்டு. ஆர்ட்ஜெர்ம் என்ற பெயரில் வரையும் ஸ்டான்லி லாவ் சிங்கப்பூரில் இருந்து வேலை செய்பவர், பிறந்தது ஹாங்காங். 2019-இல் தொடங்கிய கேப்டன் மார்வெல் தொடரின் முதல் இதழுக்கு மாற்று அட்டை வரைந்தவர்களில் அவரும் ஒருவர்.

பிடோக் வாசகர், ஓய்வுபெற்றவர்: தங்கச்சி, இரும்புக்கை மாயாவி படித்து வளர்ந்த எங்களுக்கும் இப்படி நாயகிகள் இருந்தார்களா?

இருந்தாரே அண்ணே! சிவகாசியிலிருந்து 1984-இல் லயன் காமிக்ஸ் தொடங்கியபோது முதல் இதழின் நாயகியே மாடஸ்டி பிளைசி. பறக்க மாட்டார், புத்தியும் கத்தியும் போதும் அவருக்கு.

தொடக்கநிலை ஆறு மாணவர், அம்மாவின் உதவியுடன்: ஆன்ட்டி, கமலா செத்துவிட்டாள் என்று என் நண்பன் சொன்னான். உண்மையா?

செத்தாள் தம்பி, திரும்பியும் வந்துவிட்டாள். 2023 மே மாதக் கடைசியில் இறந்தாள். ஜூலை மாதக் கடைசியில் எக்ஸ்-மென் கதையில், பிறவியிலேயே சக்தி உள்ளவள் என்ற செய்தியோடு உயிர் பெற்றாள். உங்கள் ஜூன் விடுமுறையைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு இடைவெளி, அவ்வளவுதான். காமிக்ஸில் யார் செத்தாலும் அழ வேண்டாம். ஆனால் அவள் செத்தது தன்னுடைய இதழில் அல்ல, ஸ்பைடர்மேனின் இதழில். அந்தக் கோபம் மட்டும் எனக்கு இன்னும் ஆறவில்லை.