கேளுங்கள், சொல்கிறேன்: சவரக்கத்திக் கல்லுக்கு எந்த வைரத் தகடு?

கேள்வி: ஐயா, மூன்று வருஷமாக மடக்குச் சவரக்கத்தியில்தான் சவரம் செய்கிறேன். 1000, 4000, 8000, 12000 கிரிட் (எண் ஏற ஏறத் துகள் நைஸ்) என்று நான்கு தண்ணீர்க் கற்கள், அதாவது தண்ணீர் விட்டுத் தீட்டும் கற்கள், வைத்திருக்கிறேன். கொஞ்ச நாளாகக் கத்தியின் முனையும் அடியும் நன்றாக வழிக்கின்றன, நடுப்பகுதி மட்டும் முடியைப் பிடுங்குகிறது. கல்லில் குழி விழுந்திருக்கும், வைரத் தகடு (வைரத்தூள் பதித்த தகடு) வாங்கிச் சமப்படுத்து என்கிறார் நண்பர். தேடிப் பார்த்தால் 140, 325, 400, 600, 1200 என்று நீண்டுகொண்டே போகிறது. எதை வாங்குவது?

பதில்: உங்கள் நண்பர் சொன்னது சரி. நடுப்பகுதி மட்டும் பிடுங்குகிறது என்று படித்ததுமே எனக்கும் கல்மேல்தான் சந்தேகம் வந்தது.

சமையல் கத்தியைத் தீட்டும்போது கோணத்தை உங்கள் கை பிடித்துக்கொள்கிறது. சவரக்கத்தி அப்படியில்லை. முதுகும் வாயும் ஒன்றாகக் கல்லில் படிந்து கிடக்கும். கோணத்தை முதுகு பார்த்துக்கொள்ளும், கைக்கு நகர்த்துகிற வேலை மட்டும்தான். அதனால் கல்லில் உள்ள மேடு பள்ளம் எதுவும் கையால் சரியாகாது, நேரே கத்திக்குப் போய்விடும். கல்லின் நடு பள்ளமாகிவிட்டால் அதன்மேல் கத்தி பாலம்போல் கிடக்கும். முனையும் அடியும் தேயும், நடு தண்ணீரை மட்டும் தொட்டுக்கொண்டு போகும்.

நான்கு கற்களுக்கும் சேர்த்து ஒரே தகடு வாங்குங்கள், 400 கிரிட். 325 கிடைத்தாலும் அதே வேலைதான்.

140 கல்லை மளமளவென்று அறுத்துத் தள்ளும். உங்கள் 1000 கல்லுக்கு அது பரவாயில்லை. 12000 கல்லில் அது போடும் கோடுகள் விரல் நகத்துக்கே தட்டுப்படும், அந்தக் கோடுகளின் மேல் மெல்லிய கத்தி வாயை ஓட்ட எனக்கு மனம் வராது. 1200 தகட்டுக்கு நேர் எதிர்க் குறை. ஆழமான குழியைச் சமப்படுத்த நேரம் இழுக்கும், வழவழப்பான கல்லோடு ஒட்டிக்கொள்ளவும் செய்யும்.

இந்த ஒட்டல் சின்ன விஷயம் இல்லை. முகம் முழுக்க வைரத்தூள் பதித்த ஒரு தகட்டை முன்பு 12000 கல்லில் வைத்துத் தேய்த்தேன். பத்துத் தேய்ப்புக்குள் இரண்டும் கவ்விக்கொண்டன. தூக்கினால் கல்லும் சேர்ந்து எழும்பியது. குழாயைத் திறந்துவிட்டு, தகட்டைக் கல்லின் ஓரத்துக்குச் சறுக்கித்தான் பிரித்தேன். அன்று முதல் அட்டோமா 400 தான் பயன்படுத்துகிறேன். ஜப்பானின் ட்சுபோமான் நிறுவனத் தயாரிப்பு. அதில் வைரத்தூள் சின்னச் சின்னப் புள்ளிகளாகப் பதிந்திருக்கும், புள்ளிகளுக்கு இடையே தண்ணீரும் கல் சேறும் ஓட வழி இருக்கும், அதனால் அவ்வளவாக ஒட்டாது. தேய்ந்துபோனால் மேல்தாளை உரித்துவிட்டுப் புதியது ஒட்டிக்கொள்ளலாம். டிஎம்டி நிறுவனத்தின் 325 தகட்டில் 45 மைக்ரான் வைரத்தூள். அதுவும் நல்ல தகடுதான், தண்ணீரை மட்டும் தாராளமாக விடுங்கள்.

கிரிட்டைவிட முக்கியமானது தகட்டின் சமதளம். நான் முதலில் வாங்கிய தகட்டில் (பெயர் வேண்டாம்) தேய்க்கத் தேய்க்க என் கற்கள் நடுவில் மேடாகிக்கொண்டே வந்தன. காரணம் பிடிபடப் பல வாரம் ஆயிற்று. ஒரு எஃகு அளவுகோலை நிமிர்த்தித் தகட்டின்மேல் வைத்து, பின்னால் விளக்கைப் பிடித்துப் பார்த்தேன். இரு ஓரமும் இருட்டு, நடுவில் முடியளவு வெளிச்சம். தகட்டில் பள்ளம், ஆகவே கல்லில் மேடு. தகடு கைக்கு வந்த அன்றே நீளவாக்கில், குறுக்கில், மூலைக்கு மூலை என்று இந்தச் சோதனையைச் செய்துவிடுங்கள். கையழுத்தத்துக்கே வளைகிற மெல்லிய தகடு வேண்டவே வேண்டாம். அளவும் கல்லுக்குக் குறையக்கூடாது. கற்கள் பெரும்பாலும் 200 அல்லது 210 மில்லிமீட்டர் நீளம், 70 அல்லது 75 அகலம் இருக்கும்.

புதுத் தகட்டை 12000 கல்லில் வைத்து ஆரம்பிக்காதீர்கள். அங்கங்கே ஒன்றிரண்டு வைரத் துகள் துருத்திக்கொண்டிருக்கும், ஆழமாகக் கீறிவிடும். இரண்டு மூன்று முறை 1000 கல்லில் தேய்த்துப் பழக்குங்கள். அப்போது முதல் நாள் இருந்த வெறி கொஞ்சம் குறையும். தகடு கெட்டுவிட்டது என்று பயப்பட வேண்டாம், அதன் உண்மையான வேகம் அதுதான். பழகிய பிறகு வரிசையை மாற்றிக்கொள்ளுங்கள். 12000 முதலில், 1000 கடைசியில். இல்லாவிட்டால் முரட்டுக் கல்லின் துகள் நைஸ் கல்லில் போய் உட்காரும்.

தேய்க்கும் முறை: ஈரம் காய்ந்த கல்லில் பென்சிலால் கட்டம் கட்டமாகக் கோடு போடுங்கள். தண்ணீர் விட்டு, தகட்டின் கனமே போதும் என்கிற அளவில் தேயுங்கள், அவ்வப்போது தகட்டைத் தலைமாற்றிப் பிடியுங்கள். ஓரக் கோடுகள் முதலில் கரையும். நடுவில் ஒரு தீவுபோல் கட்டம் மிஞ்சி நிற்கும், அதுதான் உங்கள் குழி. அதுவும் போனதும் நிறுத்திவிடாமல் மறுபடி கோடு போட்டுப் பாருங்கள். நாலைந்து தேய்ப்பில் எல்லாக் கோடும் சேர்ந்தாற்போல் மறைந்தால் கல் சமம். பிறகு அதே தகட்டைச் சாய்த்துக் கல்லின் நான்கு விளிம்பையும் லேசாக மழுக்குங்கள். கூரான விளிம்பில் இடித்தால் கத்தி வாய் சில்லு விட்டுவிடும்.

கேள்வி: கண்ணாடிமேல் உப்புத்தாள் விரித்துத் தேய்த்தால் போதாதா?

பதில்: போதும். நானும் அப்படித்தான் தொடங்கினேன். தண்ணீரில் ஊறாத சிலிக்கான் கார்பைடு தாள், 220 முதல் 400 வரை, தடித்த கண்ணாடிமேல். தாளின் நுனி தூக்கிக்கொண்டால் கல்லின் முனைகள் உருண்டுபோகும், அதைக் கவனியுங்கள். உதிர்கிற துகள் மிருதுவான கல்லில் புதையும், ஆகவே முடிந்ததும் நகத் தூரிகையால் தேய்த்துக் கழுவிவிட வேண்டும். அடிக்கடி தீட்டுகிறவருக்குத் தாள் மாற்றி மாற்றி அலுத்துவிடும், அப்போது தகடு வாங்கிக்கொள்ளலாம்.

கேள்வி: அதே தகட்டில் கத்தியையும் தீட்டலாமா? என்னிடம் ஒரு ஆர்க்கன்சா கல்லும் இருக்கிறது, அதையும் சமப்படுத்தலாமா?

பதில்: இரண்டும் வேண்டாம். 400 தகடு சவரக்கத்தியின் வாயில் போடும் கீறலை எடுக்க 1000 கல்லில் நெடுநேரம் உழைக்க வேண்டும், எஃகும் வீணாகத் தேயும். ஆர்க்கன்சா இயற்கைக் கல், இரும்புபோல் கடினம். வைரத்தைப் பிடித்துவைத்திருப்பது நிக்கல் பூச்சு மட்டும்தான், அந்தக் கல்லில் தகடு வெகு சீக்கிரம் மொட்டையாகிவிடும். சிலிக்கான் கார்பைடு தூளைத் தண்ணீரோடு கண்ணாடிமேல் தூவி, அதில் கல்லைத் தேயுங்கள். 220 கிரிட்டுக்குக் கீழான முரட்டுக் கற்களுக்கும் இதே வழிதான். அவற்றின் சேறு வைரத்தின் அடியில் புகுந்து நிக்கலை அரித்துவிடும்.