மழை நாளில் கார் மிஸ்ஸிங் அடித்தால், கோளாறு பிளக்கிலா காயிலிலா?

ரங்கூனில் மழை பிடித்துவிட்டால் பழைய ஜப்பான் கார்களுக்கு இந்த மிஸ்ஸிங் தொல்லை வரும்; அதாவது ஒரு சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியாமல் எஞ்சின் குலுங்கும். பெட்ரோலைப் பற்றவைக்கும் பொறியைத் தருவது பிளக், அதற்கு உயர் வோல்ட் மின்சாரம் தருவது காயில். உங்கள் கார் காலையில் குலுங்குகிறது, சூடானதும் சரியாகிறது என்கிறீர்கள். அப்படியானால் முதல் சந்தேகம் ஈரத்தின் மேல்தான்.

பிளக் வயர் உள்ள எஞ்சினா? இருட்டியதும் பானெட்டைத் திறந்து, எஞ்சினை ஓடவிட்டு, வயர்கள் மேல் லேசாகத் தண்ணீர்த் தூவல் அடியுங்கள். போன மழையில் எங்கள் காரில் இப்படித்தான் பார்த்தேன்: மூன்றாவது வயரிலிருந்து பக்கத்து இரும்புக்கு நீல நூல் மாதிரிப் பொறி, கூடவே 'சட் சட்' சத்தம். அப்படித் தெரிந்தால் மின்சாரம் கசிவது அந்த வயரில்தான். கையை மட்டும் கிட்டே கொண்டுபோகாதீர்கள், அதில் ஓடுவது 20,000 வோல்ட்டுக்கு மேல்.

ஒவ்வொரு பிளக்கின் தலையிலும் தனிக் காயில் இருந்தால் வேலை சுலபம். கோளாறு எண்ணைக் காட்டும் ஸ்கேனர் கருவி பி0302 காட்டினால் இரண்டாவது சிலிண்டரில் மிஸ்ஸிங். அந்தக் காயிலை மூன்றாவதோடு மாற்றிப் போட்டு, ஸ்கேனரில் அந்தக் கோளாறு எண்ணை அழித்துவிட்டு ஓட்டுங்கள். பி0303 வந்தால் காயில்தான் போயிருக்கிறது. மாறாவிட்டால் அப்புறம் பிளக்கை மாற்றிப் பாருங்கள்.

பிளக்கை எஞ்சின் ஆறிய பிறகே கழற்றுங்கள். முனை இளம்பழுப்பாக இருந்தால் நல்லது. வெள்ளைப் பீங்கானில் பென்சில் கோடு போலக் கறுப்பு இருந்தால், பொறி வெளிப்பக்கமாக ஓடியிருக்கிறது. பிளக்கோடு அதன் தலையில் மாட்டும் ரப்பர் உறையையும் மாற்றிவிடுங்கள். பிளக் முனையில் பொறி தாவும் இடைவெளி பெரும்பாலும் 0.8 முதல் 1.1 மில்லிமீட்டர், உங்கள் காரின் கையேட்டில் உள்ள அளவே சரி.

இப்படியே நாள்கணக்கில் ஓட்டாதீர்கள். எரியாத பெட்ரோல் போய் புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரைக் கெடுத்துவிடும்.